நான் எழுதாமல் விட்ட வாக்கியம்

எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லியில் நடந்தது இது. நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். என் கணவரும் அரசு ஊழியர்தான். தெற்கு டெல்லியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது, இரண்டாவது மாடி. பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர மாலை ஆறு மணியாகிவிடும். ஜூன் மாதத்தில் அப்போதும் வெயில் மண்டையைப் பிளக்கும்.

அன்று நான் மாடியேறி வந்தபோது எங்கள் வாசல்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டையும் சேர்த்து எங்கள் பிளாக்கில் ஐந்து வீடுகளுக்குப் பாத்திரம் தேய்ப்பவள். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஜங்புரா பக்கம் பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்பில் குடிசை போட்டிருந்தாள். புருஷனுக்குக் கட்டட வேலை. அவளுக்கு வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். இந்தியில் நாலைந்து வார்த்தைக்கு மேல் தெரியாது.

உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எண்ண டிப்போக்காரன் மதியம் ரேஷன் கார்டு பாக்கணும், உள்ள வான்னு கூப்ட்டாம்மா. போனன். கதவ சாத்திக்கினு, வாயப் பொத்தி, என்னக் கெடுத்துட்டான். போலீஸ்ல சொல்லணும். எனக்கு இந்தி தெரியாது, நீங்க வாங்க."

எண்ணெய் டிப்போ என்றால் எங்கள் காலனி மார்க்கெட்டில் இருந்த மண்ணெண்ணெய்க் கடை. நாங்கள் எல்லோருமே அங்கேதான் வாங்குவோம்.

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவ புருஷன் வரட்டுமே, நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அவனா? அளவு கரெக்டா ஊத்துவானே!" என்பதுதான். அளவாக எண்ணெய் ஊற்றுகிறவன் இதைச் செய்ய மாட்டான் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறதோ! அடுத்தது, "மத்தியான வேளையில இவ எதுக்குத் தனியா அங்க போனா?" என்றாள். மண்ணெண்ணெய்க் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போகாமல் பஜனை பண்ணவா போவார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆபீஸ் புடவையைக்கூட மாற்றாமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். நான்தான் பெரிய வீராங்கனை என்று அப்போது எனக்கு நினைப்பு.

ஸ்டேஷனில் ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என் ஐ.டி. கார்டைப் பார்த்ததும் எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். அவள் நின்றாள். நான் இந்தியில் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தி ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். "மேடம்ஜி, ஆப் தோ படீ-லிக்கீ ஹைன்" என்றார். படித்தவள்தானே, எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். கேட்டு எழுதவேண்டியது அவருடைய வேலை. அது எனக்கு அன்று தோன்றவில்லை. மரியாதை கொடுக்கிறாரே என்று பூரித்துப் போனேன்.

அவள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள். வீட்டில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை, நான் எழுதுவதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் இங்கிலீஷில் எழுதிக்கொண்டே போனேன். கதவைச் சாத்தியது வரை எழுதியாகிவிட்டது. அடுத்த வாக்கியம் வந்ததும் என் பேனா நின்றுவிட்டது.

ஐந்து ஆண்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லை என் கையெழுத்தில் எழுத எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் கல்யாணமானவள், எழுத்தில் வந்துவிட்டால் புருஷன் சேர்த்துக்கொள்வானா என்று ஒரு நியாயமும் கூடவே கிடைத்தது. ஆபீஸ் மெமோவில் எழுதுவோமே, அந்த மாதிரி மழுப்பலாக ஒரு வரி எழுதினேன். கையைப் பிடித்து இழுத்தான், முறைகேடாக நடந்துகொண்டான், அவ்வளவுதான். அவள் சொன்ன வாக்கியத்தை எழுதவே இல்லை.

"எல்லாம் எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன்" என்றேன்.

என்னை நம்பிக் கட்டைவிரலை மையில் தேய்த்து அழுத்தமாக வைத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் தாளைப் படித்துவிட்டு, "வாஹ் மேடம், க்யா டிராஃப்டிங் ஹை!" என்று பாராட்டினார். பாராட்ட மாட்டாரா பின்னே? அவருடைய வேலையில் முக்கால்வாசியை நான் குறைத்துக் கொடுத்திருந்தேன். அவளை டாக்டரிடம் அனுப்பவேண்டாமா என்று நான் கேட்டதற்குத் தாளைத் தட்டிக் காட்டி, இதில் அப்படி எதுவும் இல்லையே என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

சின்னக் குற்றமாகத்தான் கேஸ் பதிவாயிற்று. டிப்போக்காரன் மறுநாளே ஜாமீனில் வந்து எண்ணெய் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். அவளைத்தான் ஐந்து வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறவளை வீட்டுக்குள் விடலாமா என்று பயமாம். கோர்ட்டுக்குப் போகக் காரணமானவனிடம் கேனை நீட்ட மட்டும் யாருக்கும் பயமில்லை. என் கணவரும் அங்கேதான் வாங்கி வந்தார். கேட்டால், ரேஷன் கார்டு அந்தக் கடையில்தானே பதிவாகியிருக்கிறது என்பார்.

அவள் புருஷன் அவளை விட்டுவிடுவான் என்று நான் பயந்தேனே, அதுவும் நடக்கவில்லை. முதல் வாய்தாவுக்கு அவனே வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அது நடந்த அன்றைக்கே அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாளாம்.

இரண்டரை வருஷம் வாய்தா. மாஜிஸ்டிரேட் லீவு, வக்கீல் வரவில்லை, ஃபைல் வரவில்லை, இப்படியே போயிற்று. நானும் கேஷுவல் லீவு போட்டுப் போட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளின் நினைப்பு வரும். அவள்தான் கோர்ட்டில் நேரில் சொல்லப்போகிறாளே, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கடைசியில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். தமிழ் தெரிந்த ஒரு கோர்ட் ஊழியரை மொழிபெயர்க்கக் கூட்டி வந்தார்கள். அவள் சொன்னாள். அந்த மனிதர் தொண்டையைச் செருமினார், சட்டைக் காலரைத் தடவினார், அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். என்னைப் போலவே இன்னொருவர்! அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாஜிஸ்டிரேட் பக்கம் திரும்பி அந்த வாக்கியத்தை இந்தியில் தானே சொன்னாள். இலக்கணம் தப்பாக இருந்திருக்கலாம், சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த ஒரு நாளுக்காகவே அதைக் கேம்ப்பில் யாரிடமோ கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. என் தாளை எடுத்து நிதானமாக வாசித்து, இதில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத திகைப்புதான் இருந்தது. எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அதே வக்கீல்தான் கேட்டார்.

"நீங்கள் ஸ்டெனோவா?"

"ஆமாம்."

"ஸ்பீடு?"

"நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை."

"உங்கள் அதிகாரி பத்து வாக்கியம் சொன்னால் ஒன்பதுதான் எழுதுவீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் இந்தப் பெண் சொன்னதையும் முழுதாகத்தான் எழுதியிருப்பீர்கள்."

"அவள் சொன்னாள். நான்தான் எழுதவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துக்கொண்டே, படித்தவர், அரசு ஊழியர், ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சம்பளம் வாங்குகிறவர், இருப்பதிலேயே முக்கியமான விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாராம், நம்புங்கள் என்றார். மாஜிஸ்டிரேட் தன் ஸ்டெனோ பக்கம் திரும்பி என் பதிலை டிக்டேட் செய்தார்: விடுபட்டதற்குச் சாட்சியால் விளக்கம் தர இயலவில்லை. நான் இப்போதுதானே விளக்கினேன், ஐயா! அந்த ஸ்டெனோ தலை நிமிராமல், ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

டிப்போக்காரன் விடுதலையாகிவிட்டான். புகாரில் ஒன்று, சாட்சியில் ஒன்று, நம்பத்தக்கதல்ல என்று தீர்ப்பு. அன்று சாயங்காலமே காலனியில் வீட்டுக்கு வீடு லட்டு டப்பா வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று. நான் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்து எதிர்வீட்டு மாமி, "ஸ்வீட் என்ன பாவம் பண்ணித்து?" என்று அங்கலாய்த்தாள். இவர்களிடம் என்ன பேசுவது, தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் தெளிவாத்தானம்மா சொன்னன்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரவில்லை. நானும் கேம்ப் பக்கம் போய்க் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினாள். கூட அவள் வயதில் ஒரு பெண். சித்தாள் வேலை செய்கிறவள். முந்தின நாள் வேலை நடந்த இடத்தில் மேஸ்திரி அவளுக்கும் அதே கொடுமையைச் செய்திருந்தான். இவள்தான் அவளைக் குளிக்கவிடாமல், புடவை மாற்றவிடாமல், அப்படியே கூட்டி வந்திருந்தாள்.

"எங்கிட்டயா வந்தே?" என்று கேட்டேன்.

"வேற யாருகிட்டம்மா போறது? நீங்க ஏற்கனவே தப்பு பண்ணிட்டீங்க, அது உங்களுக்குத் தெரியும். புதுசா ஒருத்தர்கிட்ட போனா, அவங்க அத மொதல்லேந்து பண்ணுவாங்க. இவ சொல்றத சொன்னபடி எழுதுங்க. எழுதிட்டு எங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."

எழுதினேன். இந்த முறை தமிழில் எழுதி, அதற்குக் கீழே இந்தியிலும் எழுதினேன். பிறகு சத்தமாகப் படித்தேன். என் கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கேட்டால் கேட்கட்டும் என்று படித்தேன். அந்தச் சொல் முதல்முறையாக என் வாயிலிருந்து வந்தது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் தலையை அசைத்த பிறகுதான் இவள் விரல் வைக்கச் சொன்னாள்.

ஸ்டேஷனில் இப்போது வேறொரு அதிகாரி. அவரும் படித்துவிட்டு முகம் சுளித்து, கொஞ்சம் டீசென்ட்டாக எழுதித் தரக்கூடாதா மேடம் என்றார். "நஹீ" என்று நான் சொல்வதற்குள் இவளே சொல்லிவிட்டாள். மூன்று மணி நேரம் எங்களை உட்கார வைத்தார்கள். நாங்கள் நகரவில்லை. கடைசியில் எழுதியபடியே பதிவு செய்து, அந்தப் பெண்ணை டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த மேஸ்திரிக்குத் தண்டனை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கேஸ் முடிவதற்குள் எங்களுக்கு மாற்றல் வந்து டெல்லியை விட்டே கிளம்பிவிட்டோம்.

அதன் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ அதிகாரிகள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன், அதில் ஒரு வரிகூட இன்று நினைவில்லை. ஆனால் எதை எழுதி முடித்தாலும் "எல்லாம் எழுதிட்டீங்களாம்மா?" என்று அவள் பக்கத்தில் நின்று கேட்பது போலிருக்கிறது, அதனால்தான் இதையும் இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.