பிரிக்காத பட்டறை

புரட்டாசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பட்டறையின் மூங்கில் படலில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தபடி என் அண்ணி நின்றது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குரும்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, சுற்றிலும் படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்து காற்றோட்டமாக வைப்பதைத்தான் பட்டறை என்போம். அந்த வருடம் உள்ளே இருந்தது முழுக்க விதை வெங்காயம். அது போனால் ஐப்பசியில் நடுவதற்கு எதுவுமில்லை; நிலம் சும்மா கிடக்க வேண்டியதுதான். உள்ளே எங்கோ அழுகல் வாடை அடித்தது.

“எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிப் பாத்துடுவோம்” என்று அண்ணன் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

“பிரிச்சா ஈரக்காத்து உள்ள பூந்துரும்ங்க. நல்லா இருக்கறதும் கெட்டுரும்” என்று அண்ணி மறித்தார்.

இயற்பியல் படித்து, குவாண்டம் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணன் கட்சிதான். அண்ணி எங்கள் இருவரையும் பொருட்படுத்தவில்லை. அழுகும் இடம் சூடேறும் என்பதால், படலில் கைகளை அருகருகே வைத்து, “ஒண்ணுதான்... இங்கயும் ஒண்ணுதான்...” என்று நகர்ந்தார். எவ்வளவு சூடு என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டு இடமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே கணக்கு. “இங்க வேற” என்றார். ஒரு கை தள்ளிப் பார்த்து, “இதுவும் வேற. அப்ப நடுவுலதான்.” அந்த இடத்தில் மட்டும் படலை விலக்கி ஒரு கூடை அழுகலை எடுத்தோம். மீதி விதை தப்பித்தது. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஏனென்றால் எங்கள் ஆய்வகத்திலும் இதே பாடுதான்.

சாதாரணக் கணினியில் ‘பிட்’ என்னும் தகவல் துணுக்கு பூச்சியமாக இருக்கும், இல்லையென்றால் ஒன்றாக இருக்கும். குவாண்டம் துணுக்கு இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். அதுதான் அதன் பலம். ஆனால் உள்ளே என்ன என்று நேராகப் பார்த்தால் அந்தக் கலவை குலைந்து, ஏதாவது ஒன்றாகிவிடும். துளி சூடு, சின்ன அதிர்வு பட்டாலும் கெட்டுவிடும். அதனால் ஒரே தகவலைப் பல துணுக்குகளில் பரப்பி வைத்து, பக்கத்துத் துணுக்குகள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்கிறோம். பிழை எங்கே என்று தெரியும். தகவலை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சில ஆண்டுகளில் நடந்திருப்பதுதான் என்னைத் தரையில் நிற்க விடவில்லை. போன முறை ஊருக்குப் போனபோது துணுக்குக் கதையை என்னிடம் முன்பே கேட்டிருந்த அண்ணியிடம் பையைக்கூட இறக்காமல் கொட்டினேன்: துணுக்குகளைக் கூட்டக் கூட்டப் பிழை குறைகிறது என்று சோதனையில் காட்டிவிட்டார்கள்!

“அது எப்படிங்க தம்பி? பட்டறை பெருசானா அழுகலும்ல பெருசாவும்?”

பல காலம் அறிஞர்களே பயந்த கேள்வி அது. “ஒவ்வொரு துணுக்கும் ஓரளவுக்கு மேல நல்லதா இருந்தா போதும் அண்ணி. பட்டறை பெருசாகும்போது தடவிப் பாக்கற கையும் கூடுதுல்ல, அதனாலதான்” என்றேன்.

அண்ணி சிரித்தபடி பட்டறைக்குப் போனார். முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. உள்ளே இந்த வருட விதை. அவர் கைகளை வைத்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னும் இரண்டு உள்ளங்கைகள் வந்து படலில் பதிந்தன.

“அங்க எப்படிங்க?” என்றார் அண்ணி.

“ஒண்ணுதாம்ப்பா. நீ அடுத்ததைப் பாரு” என்றார் அண்ணன். கயிற்றின் பக்கம் அவர் போகவே இல்லை.