வலையைத் தேடி நான் கடலுக்குப் போன நாள்

புதுப்பட்டினத்தில் எங்கள் குப்பத்துப் பெண்கள் மீனைக் கூறு போடுவோம், ஏலம் கேட்போம், வலையில் சிக்கெடுப்போம். படகில் ஏறிக் கடலுக்குப் போவதில்லை. நான் ஒருமுறை போனேன், ஒரு ஜிபிஎஸ் மிஷினால்.

என் கணவரும் அவர் தம்பியும் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கைக்கு அடக்கமாகப் புது ஜிபிஎஸ் வாங்கியிருந்த வாரம் அது. சாயங்காலம் நண்டு வலையைக் கடலில் விட்டு, அந்த இடத்தை மிஷினில் பதிந்துவிட்டுத் திரும்பினார்கள். விடிந்ததும் மிஷின் காட்டிய இடத்துக்குப் போனால் வலை இல்லை. மிதவையில் கட்டியிருந்த கொடியும் கண்ணில் படவில்லை. வெயில் ஏறும்வரை சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

"எவனோ வலைய அறுத்துகினு பூட்டான்," என்றார் கொழுந்தன்.

"எவனும் அறுக்கல. இந்த மிஷினுதான் டுபாக்கூரு," என்று கணவர் அதைப் பாயில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிடுவேன். மிஷினை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தகரக் கூரைக்கு அடியில் இருந்தவரை திரையில் கோடுகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. வாசலுக்கு எதிரே குழாயடியில், வெட்டவெளியில் நின்றதும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு கோட்டுக்கு ஒரு சாட்டிலைட். கீழே மீட்டர் கணக்கில் ஒரு எண். உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதை அது சொன்னது. கோடுகள் கூடக் கூட அந்த எண் இறங்கியது. அதுவரை, குழாயடியில் அசையாமல் நின்ற என்னை, திரையிலிருந்த அம்புக்குறி பக்கத்துத் தெரு வரை கூட்டிக்கொண்டு போய்வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாமே, தனியா சிரிக்கிற?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"நேத்து மிஷின எங்க வெச்சிருந்த?"

"உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு போற வழில பிஸ்கட் டின்னுல வெச்சி மூடினேன். வலைய வுட்டதும் தொறந்தேன், பட்டன அமுக்கினேன், உள்ள வெச்சிட்டேன்."

நானும் அதேபோல மிஷினைத் தகர டின்னில் போட்டு மூடி, தெருமுனை வரை நடந்தேன். அங்கே திறந்து பார்த்தால் கோடு ஒன்றுகூட இல்லை. அம்புக்குறி இன்னும் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தது! கொழுந்தன் சோற்றுக்கையோடு ஓடிவந்து பார்த்தார்.

நேற்றுச் சாயங்காலம் படகு போன தடமும் திரையில் இருந்தது. கரையிலிருந்து நேராகப் போன கோடு, நடுக்கடலில் பட்டென்று அறுந்திருந்தது. அவர்கள் பதிந்த புள்ளியும் அங்கேயே இருந்தது.

"டின்ன மூடுனதுக்கு அப்பால எவ்ளோ தூரம் போனீங்க?"

"அதே நேர்ல போனோம். ஒரு பீடி புடிக்கிற நேரம்," என்றார் கணவர்.

"அப்போ வலையும் அதே நேர்லதான் கீது."

"அவ்ளோ தெரிஞ்சா நீயே வந்து காட்டு," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதல் அலையிலேயே காலையில் குடித்த டீ வெளியே வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் சிரித்த சிரிப்பில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. ஆனாலும் மிஷினை வானம் பார்க்கப் பிடித்திருந்தேன். தவறான புள்ளியைத் தாண்டி, கோடு போன திசையிலேயே மெதுவாக விடச் சொன்னேன். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் போகச் சொன்னேன்.

"அண்ணி, அதோ கீது!" என்று கத்தினார் கொழுந்தன்.

கொடிக்கம்பு முறிந்து துணி தண்ணீருக்குள் தொங்கியது. மிதவை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனால்தான் தெரியும். வலையை இழுக்க இழுக்க, நீலக்கால் நண்டுகள் கோபமாகக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு வந்தன. வாந்தி மயக்கமெல்லாம் எங்கே போனதோ, நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன்.

கரை இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கடலு எப்டி கீது?" என்று கேட்டார்கள். "ரொம்ப ஆடுது," என்று மணலில் உட்கார்ந்தேன். மணலும் ஆடியது. அந்தப் பக்கம் கணவர் நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "கோடு நல்லா ஏறணும்பா, மீட்டரு எறங்கணும், அப்பால தான் பட்டன அமுக்கணும்," என்று விளக்கிக்கொண்டிருந்தார்.