வேதவல்லி மேடமும் ஒன்பது நொடிக் காட்சியும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் 'வேதா மேடம்' என்று பெயர் வந்தது. எடுத்தவுடனே, "சொல்லுங்க மேடம், நீங்க கேட்ட ஹார்ட் டிஸ்க் வாங்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். பேசியது அவருடைய மகள் சிந்து. "அங்கிள், அம்மா ஹோகிபிட்ரு" என்றாள். அவளுக்குக் கன்னடம்தான் சரளம். போய்விட்டார் என்கிறாளே, எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. காலையில் காப்பி குடித்துவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கும் நம் குழுவில் பலர் வேதவல்லியோடு வேலை செய்திருக்கிறோம். ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டு மைசூரிலேயே இருந்துவிட்டவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். சாதாரணமாக என்னோடு ஊர்த் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வரும். என் ஏழு படங்களை அவர்தான் வெட்டிக் கோத்தார். கடைசிப் படத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

ஹனூர் பக்கம் காட்டோரம் விவசாயம் பார்க்கும் குடும்பங்களைப் பற்றிய படம் அது. அதில் பாப்பாத்தி என்ற பெண்மணி வருகிறார். அவருடைய கணவர் நாச்சிமுத்து ஒரு விடியற்காலையில் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், யானை மிதித்து இறந்துபோனார். பேட்டியில் பாப்பாத்தி அதிகம் அழவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் தூங்கிட்டு இருந்தேனுங்க. அவரு எந்திரிச்சுப் போனதே எனக்குத் தெரியாதுங்க. மொகத்தக்கூடப் பாக்கலீங்க."

நாச்சிமுத்துவுக்கு இருந்தது ஒரே ஒரு கல்யாணப் புகைப்படம். அவர் இல்லாமல் படம் வெறுமையாக இருந்தது. ஏஐ காணொளியில் அவரை நடக்க வைக்கலாம் என்று சொன்னது வேதவல்லி. நான்தான் தயங்கினேன். அவர் சிரித்தார். "நான் ஒட்டறது எல்லாமே பொய்தான் குமரேசன். எந்த இடத்துல பொய்னு பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். அந்த வயதில் அவர் அதைக் கற்றுக்கொண்ட வேகம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாப்பாத்தியின் வீட்டு வாசலிலிருந்து வயலுக்குப் போகும் பாதையை நாங்கள் நிஜமாகவே விடியலில் படம்பிடித்திருந்தோம். அந்தப் பாதையில் நாச்சிமுத்துவைக் கணினி நடக்க வைத்தது. முதலில் வந்தவர் விளம்பரத்தில் வருகிறவரைப் போல நிமிர்ந்து நடந்தார். இரண்டாவது முறை மண்வெட்டி வலது தோளில் இருந்தது. வேதவல்லி ஹனூருக்குப் போன் போட்டு, எந்தத் தோள் என்று கேட்டார். "எடது தோளுங்க. கொஞ்சம் சாஞ்சு நடப்பாருங்க" என்றார் பாப்பாத்தி. ஒரு வாரம் உழைத்து ஒன்பது நொடிக் காட்சி தயாரானது. முடிவில் அவர் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். யாரும் சொல்லி வந்ததல்ல அது. கணினி தானாகவே செய்தது. அழகாக இருந்ததால் இருவரும் விட்டுவிட்டோம். மூலையில் 'கணினியில் உருவாக்கிய காட்சி' என்ற எழுத்தைப் போட வேதவல்லி மறக்கவில்லை.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஹனூருக்குப் போய்க் காட்டினோம். பாப்பாத்தி மூன்று முறை பார்த்தார். "அவருதானுங்க" என்றார். இது நாங்கள் கணினியில் செய்தது என்று வேதவல்லி இரண்டு முறை சொன்னார். "தெரியுமுங்க" என்று தலையாட்டினார்.

முதல் பேட்டியில் பம்புசெட் சத்தம் கலந்திருந்ததால், ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் பேட்டி எடுத்தேன். வேதவல்லி வரவில்லை. அந்தக் காட்சிகளை அவர் பார்த்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாப்பாத்தி திரையில் சொல்கிறார்: "வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேனுங்க. கொஞ்ச தூரம் போயி, ஒருக்கா திரும்பி என்னப் பாத்தாருங்க."

வேதவல்லி திரையில் ஓடியதை அப்படியே நிறுத்தினார். "இது அவங்க பாத்தது இல்ல. நாம பண்ணினது" என்றார்.

இருக்கட்டுமே என்றேன் நான். முகம்கூடப் பார்க்கவில்லையே என்று தவித்தவருக்கு ஒரு பார்வை கிடைத்திருக்கிறது, அதைப் பிடுங்குவானேன்? வேதவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசறேள்? ஆம்படையானை இழந்தவளோட ஞாபகத்துல நாம போய்க் கையை வெச்சிருக்கோம். அது உமக்கு உறைக்கலையா?" பதினாறு ஆண்டுகளில் அவர் என்னை 'உமக்கு' என்றது அன்றுதான்.

மறுநாளே இருவரும் ஹனூருக்குப் போனோம். தலையில் காதொலிப்பான் மாட்டி, பாப்பாத்தியின் முதல் பேட்டியை அவருக்கே போட்டுக் காட்டினார் வேதவல்லி. பாப்பாத்தி கடைசிவரை கேட்டார். பிறகு காதொலிப்பானைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டுமே நாந்தானுங்களே சொன்னது" என்றார்.

"எது நடந்ததும்மா?" என்று கேட்டார் வேதவல்லி.

"அப்ப தூங்கிட்டு இருந்த மாதிரிதான் இருந்துச்சுங்க. இப்பக் கண்ண மூடுனா அவரு திரும்பிப் பாக்கறாருங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பாப்பாத்தி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வேதவல்லி படத்தை இப்படி முடித்தார்: முதல் பேட்டி, பம்புசெட் சத்தத்தோடேயே. அடுத்து அந்த ஒன்பது நொடி. அடுத்து இரண்டாவது பேட்டி. விளக்கம் எதுவும் இல்லை. மைசூரில் திரையிட்டபோது ஒருவர் எழுந்து, எதுதான் உண்மை என்று கேட்டார். "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லி வேதவல்லி உட்கார்ந்துவிட்டார். கேட்டவருக்குக் கோபம். எனக்கும்தான். நழுவுகிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் சிந்து அனுப்பிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு புகைப்படங்களையும் அம்மாவின் குரல் பதிவுகளையும் வைத்து அவளே செய்தது. வேதவல்லி சிரித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்கிறார். மூலையில் எந்த எழுத்தும் இல்லை. பலர் கைகூப்பும் படம் போட்டீர்கள். நானும் போட்டேன். "நன்னா இருக்கா அங்கிள்?" என்று சிந்து தனியாகக் கேட்டாள். அம்மாவை இழந்த பெண்ணிடம் வேறென்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து வேதவல்லியை நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது. அவர் அப்படிச் சிரிப்பாரா? மேல்வரிசைப் பற்கள் தெரியுமா? நினைவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேமராவுக்கு முன்னால் வராதவர் அவர். என் பழைய டிஸ்க்குகளையெல்லாம் தேடியதில் ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. மேல்கோட்டைப் படிக்கட்டில் வேறு எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். கையில் தொன்னையோடு புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே அவர் குறுக்கே வந்துவிடுகிறார். "என்னத்தை எடுக்கறேள், அந்தண்டை திருப்புங்கோ!" என்று சோற்றுக் கையை ஆட்டுகிறார். ஃபோகஸ் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

அதை விஜயநகரில் உள்ள அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் சிந்துவிடம் காட்டினேன். அவள் அழுதாள், சிரித்தாள். பிறகு, "ஃபேஸ் கிளியரா இல்லையே அங்கிள். ஃபைல் அனுப்புங்கோ, ஏஐயில ஸ்வல்ப சரி பண்ணிடறேன்" என்றாள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது அவளுடைய அம்மா. கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் இன்னும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டுமா, கூடாதா என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் வேதவல்லிதான்.

இப்போதைக்கு அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. வேதவல்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அதில் அவர் முகம் மங்கலாகத்தான் இருக்கிறது.