படம் போட வந்தவர்

பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்களுக்குப் பொம்மலாட்டப் படம் காட்டவென்று எங்கள் ஊரான மல்லாவிக்கு வந்தவர் அவர். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. பிள்ளைகளின் தலையைத் தடவுவார். உடனே ஈரத்தாள் எடுத்துக் கையைத் துடைப்பார்.

காட்டில் தொலைந்த பிள்ளையை அரசி தேடும் பழைய கதை. பொம்மை அரசி கதறியபோது, முன்வரிசை அம்மா ஒருவர் வாய்விட்டு அழுதார். அவருடைய மகன் யுத்தத்தில் காணாமல் போனவன். அதை வந்தவரிடம் சொல்லிவைத்த பாவி நான்தான்.

வந்தவர் படத்தை நிறுத்தினார்.

"அம்மா, கமரா ஓடேல்லை. வெளிநாட்டில காசு தாறவைக்கு அனுப்ப வேணும். திருப்பிப் போடுறன், அதே மாதிரி அழுங்கோ."

வந்தவரின் மனம் நோகக்கூடாதென்று அந்த அம்மா, "ஓம்" என்றார். மூன்று தடவை அழவைத்துக் கமராவில் பிடித்த பிறகு, வந்தவர் வயரைக் கழற்றத் தொடங்கினார்.

"பிள்ளை கிடைச்சதோ எண்டாவது சொல்லிப்போட்டுப் போங்கோ, தம்பி," என்று அம்மா கேட்டார்.

"தெரியாதம்மா. நானும் முழுக்கப் பாக்கேல்லை."

வாசலில் எனக்குக் கைகொடுத்து, உதவிக்கு நன்றி என்றார். அவர் ஈரத்தாளைத் தேடுவதற்கு முன்பே நான் என் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டேன். அந்தக் கை இன்றைக்கும் கூசுகிறது.