பந்தயக்கா தோற்ற பந்தயம்

அக்கா தன் அறையைப் பூட்டிவிட்டு வாசல்வரை போவார். பிறகு திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். சில நாள் கேட்டைத் தாண்டிப் போன பிறகும் வருவார். எத்தனையோ வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்டு ஒருநாளும் திறந்திருந்ததில்லை. அவர் இழுத்துப் பார்க்காமல் போனதும் இல்லை.

"ஊர்ப் பிள்ளைங்க மனசையெல்லாம் சரி பண்றீங்க, இந்தப் பூட்டை மட்டும் நம்பமாட்டேங்கிறீங்களே" என்று சூப்பரின்டெண்ட் சார் கிண்டலடிப்பார்.

"பூட்டு என் கேஸ் இல்ல சார்" என்பார் அக்கா, இழுத்துக்கொண்டே.

அடிதடி, திருட்டு, வீட்டை விட்டு ஓட்டம் என்று சிக்கலில் மாட்டிக்கொண்ட வளர்ந்த பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தங்கவைக்கும் இல்லம் எங்களுடையது. அக்கா அங்கே சமூகப் பணியாளர். என்னைவிட வயதில் சின்னவர்தான். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்கா ஆகிவிட்டார். கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பிள்ளையிடம் தனியாகப் பேசும்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும், எதிரே கண்ணில் படும்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த ஒருவர் நான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போர்வைகளை மடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அதிகம் பேச வராது, அதனால் இந்த வேலைக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். இங்கே எழுதுவதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். பேசும்போது நாற்காலியை இப்படி நகர்த்துவார், அப்படி நகர்த்துவார். நான் கொடுத்த டீ ஜன்னலில் ஒன்று, மேசையில் ஒன்று, படியில் ஒன்று என்று பாதி பாதியாக ஆறிக் கிடக்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் தேடிப் பொறுக்குவேன். பட்டம் வாங்கி வேலைக்கு வந்த புதிதில் பிள்ளைகளுக்கு அறிவுரைதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவை கொட்டாவி விட்டன. ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்கி நாற்காலியிலிருந்து விழுந்தான். அந்த வருடமே அக்கா எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் அறிவுரையை நிறுத்தினார். கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

அவருடைய முறை எனக்கே புரிகிற மாதிரிதான் இருந்தது. பலகையில் நான்கு கட்டம் போடுவார். என்ன நடந்தது, அப்போது மனசு என்ன சொன்னது, உடம்பு என்ன ஆனது, கை என்ன செய்தது. பிள்ளைகள் முதலில் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மட்டும்தான் சொல்லும். "அவன் பார்த்தான், நான் குத்தினேன்." நடுவில் இரண்டு கட்டம் காலியாக இருக்கும். அதை நிரப்ப வைப்பதுதான் அக்காவின் வேலை. மனசு சொன்னதைக் கண்டுபிடித்த பிறகு, அது மெய்யா என்று வெளியே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் பந்தயம் கட்டுவார். தோற்றவர் பிஸ்கட் வாங்கித் தர வேண்டும். அதனால் பிள்ளைகள் அவருக்குப் பந்தயக்கா என்று பேர் வைத்துவிட்டன.

கடைக்குள் நுழையவே மாட்டேன், எல்லாரும் என்னையே முறைப்பார்கள் என்று ஒரு பையன் எழுதிக் காட்டி அடம்பிடித்தான். அவனை மௌனசாமி என்பார்கள். அக்கா அவனோடு கடைக்குப் போய், உள்ளே நின்றுகொண்டு, குடையை விரித்துப் பிடித்தாராம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவன் எண்ண வேண்டும். ஒரு கிழவர் மட்டும் நின்று, "மேல ஒழுகுதாம்மா?" என்று கூரையைப் பார்த்தாராம். மற்றவர்கள் அவரவர் சாமானோடு போய்விட்டார்கள். திரும்பி வந்து அதை என்னிடம் சொன்னபோதுதான் அவன் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"வீட்டுலயும் இப்படித்தான் பந்தயம் கட்டுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க மாமியார்கிட்டயா? அவங்க தோத்தாலும் ஒத்துக்கமாட்டாங்க" என்றார்.

கரண்டு வந்தது அதற்குப் பிறகு. பதினைந்து வயதுப் பெண். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பிள்ளைகள் வைத்த பேர் அது. பள்ளியில் கூடப் படித்தவளின் பல்லை உடைத்துவிட்டாள். இவள் அப்பா இறந்துவிட்டார். அம்மா வேறொருவரைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு இருந்தாள். கரண்டை அம்மாவிடமே அனுப்புவதா, வெளியூரில் இருக்கும் பூட்டிய விடுதிக்கு அனுப்புவதா என்று இந்த மாதிரிப் பிள்ளைகளின் வழக்கைப் பார்க்கும் அதிகாரி விசாரித்து முடிவு சொல்வார். அதுவரைக்கும் எங்களிடம் இருக்க வேண்டும். பூட்டிய விடுதிக்குப் போன பிள்ளைகள் எப்படித் திரும்பி வருகின்றன என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் நாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உக்காரச் சொல்லமாட்டீங்களா?"

"என்னாலயே உக்கார முடியல. நீ எதுக்கு உக்காரணும்?" என்றார் அக்கா.

இரண்டு பேரும் அறைக்குள் நடந்துகொண்டே பேசினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கழுத்து வலித்தது.

"அவ என்னப் பாத்து சிரிச்சா. அடிச்சேன்."

"சிரிச்சா. சரி. அப்ப உன் மனசு என்ன சொல்லுச்சு?"

"மனசு எங்கக்கா பேசுது? கைதான் பேசுச்சு."

"கைக்கு முன்னாடி?"

பல நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் யாரோ இடித்தபோது அவளே தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அக்கா, காது சூடாகுது! அதுக்கப்புறந்தான் கை போகுது!" அக்கா துள்ளிக் குதித்தார். அதிலிருந்து காது சூடானால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அவள் படியில் உட்கார்ந்திருந்தால் நான் கூட்டாமல் சுற்றிக்கொண்டு போவேன். அடிதடி குறைந்தது. சூப்பரின்டெண்ட் சார்கூட, "கரண்டு கட்டாயிடுச்சு போல" என்று சிரித்தார்.

விசாரணை நெருங்கியது. அம்மா அழைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எல்லாம் சுலபம். அக்கா போன் செய்து பேசினார். "என் பொண்ணை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று அந்த அம்மா அழுதாளாம். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

"அம்மாவுக்கு நான் வேண்டாம்கா" என்றாள் கரண்டு.

"அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்."

"இது என்னது? சிரிச்சவ உன்னக் கேலி பண்றான்னு அவ மனசப் படிச்சியே, அந்த மாதிரிதானே இதுவும்? படிச்சுப் பாத்ததெல்லாம் தப்பாத்தானே போச்சு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வர்ற பார்வையாளர் நாள்ல நீயே நேராக் கேளு. 'நான் வீட்டுக்கு வரட்டுமா'ன்னு. என்ன சொல்வாங்க?"

"பாப்பாவப் பாத்துக்கிட்டே வேற ஏதாவது பேசுவாங்க."

"பந்தயமா?"

கரண்டு திரும்பி அக்காவைப் பார்த்தாள். "பந்தயம்" என்றாள். அக்கா சொன்னதால் கொஞ்சம் நம்பிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குப் போர்வைகளை அவளும் சேர்ந்து மடித்துக் கொடுத்தாள். வீட்டில் எந்தப் பக்கம் படுப்பாள் என்றெல்லாம் என்னிடம் சொன்னாள்.

அம்மா வந்தாள். குழந்தையும் வந்தது. கூடவே ஒரு பெரிய பை. அதில் கரண்டின் துணிகள் எல்லாம் இருந்தன. சின்னதாகிப் போனவையும், பள்ளிச் சீருடையும், குளிருக்குப் போடுவதும், துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. வீட்டில் இனி அவளுக்கு ஒரு துணியும் மிச்சமில்லை என்று பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அக்காவும் பார்த்தார். ஆனால் அவர் காலாட்டிக்கொண்டு, "கேளு" என்பதுபோல் தலையசைத்தார்.

"நான் வீட்டுக்கு வரட்டுமாம்மா?"

அம்மா குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"இங்க நல்லாத்தானே பாத்துக்கறாங்க, கண்ணு? உடம்புகூடத் தேறியிருக்க. அவருக்குத்தான் பயம். சின்னது இருக்கில்ல, நீ கோவத்துல ஏதாவது... அவரு சொல்றதும் நியாயந்தானே?"

கரண்டு அடிக்கவில்லை. மாடிப்படிக்கும் போகவில்லை. அக்கா பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"ஜெயிச்சிட்டேன்கா. பிஸ்கட் எங்க?"

அக்காவின் கால் நின்றுவிட்டது. அவர் கால் ஆடாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா போன பிறகு கரண்டு அக்காவின் அறைக்குள் போய்ப் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தாள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாகப் பிளந்துவிட்டது. சூப்பரின்டெண்ட் சார் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நடந்ததை அதிகாரிக்கு எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் பூட்டிய விடுதிதான்.

"அம்மாவும் கைவிட்டாச்சு, பொருளும் உடைஞ்சாச்சு. இதுக்கு மேல நான் என்னம்மா சொல்லி நிறுத்துவேன்?" என்றார் அக்காவிடம்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் கொடுமை. கரண்டு சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துபோனாள். அக்கா வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். துடைத்த தரை காய்வதற்குள் மறுபடியும் நடந்தார். நான் மறுபடியும் துடைத்தேன். ஒருதடவை என் எதிரே நின்றார்.

"அந்தப் பையைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க."

"நானுந்தான் பாத்தேன். எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அவ சொன்னது மெய்யா பொய்யான்னு பாக்க நான் போகல."

சொல்லிவிட்டு நேராக மாடிப்படிக்குப் போனார். கரண்டு மேலே உட்கார்ந்திருந்தாள். அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்தார். விதிப்படி நான் எதிரில் துடைப்பத்தோடு நின்றேன்.

"நீ நினைச்சது சரி. நான்தான் தப்பு. மனசு சொல்றதெல்லாம் பொய்னு நினைச்சு உன்ன முன்னாடி தள்ளிட்டேன்."

"இப்பச் சொல்லி?"

"இப்பச் சொன்னாலும் சொல்லணும்ல."

அக்கா ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்து கேட்டார். "அம்மாவுக்கு வேண்டாம். அது நடந்தது, கண்ணால பாத்தோம். அதுக்குப் பின்னாடியே உன் மனசு இன்னொன்னு சொல்லுதே. அது என்ன?"

"யாருக்குமே வேண்டாம்னு."

"அது நடந்ததா, மனசு சொல்றதா?"

"பந்தயம் கட்டுங்களேன்" என்றாள் அவள் நக்கலாக.

"மாட்டேன்."

"பயமா?"

"ஆமா. பயம்."

கரண்டு சிரித்துவிட்டாள். சிரித்ததற்குத் தன்மேலேயே கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியபடியே, "அத்தை ஒருத்தி இருக்கா. எங்கப்பாவோட அக்கா. கதவ மூஞ்சில சாத்துவா" என்றாள்.

அப்பா இறந்தபோது அந்த அத்தைக்கும் அம்மாவுக்கும் சண்டையாகிப் பேச்சுவார்த்தை அற்றுப் போயிருந்தது. இந்த முறை அக்கா அவசரப்படவில்லை. சாத்தினால் என்ன செய்வது, யாரிடம் போய் உட்கார்ந்து அழுவது, அடுத்த நாள் என்ன செய்வது என்பதையெல்லாம் இருவரும் முதலில் பேசினார்கள். திறந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசியாகத்தான் பேசினார்கள். பிறகு மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழி முழுக்கக் கரண்டு ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தாள். அக்கா இருக்கை மாற்றி மாற்றி உட்கார்ந்தார்.

அத்தை சலவைக் கடை வைத்திருந்தார். கடை முழுக்க நீராவி. சாத்துவதற்கு அங்கே கதவே இல்லை, ஷட்டர்தான். அத்தை இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"எந்தம்பி மூக்கு அப்படியே இருக்கு. உங்கம்மா அனுப்புனாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"இத்தன வருஷம் அத்தை கண்ணுக்குத் தெரியலயாக்கும்?"

"உங்களுக்கும் நான் தெரியலயே."

அத்தை ஒரு சட்டைக் கையைத் தேய்த்து முடித்தார்.

"வாய் மட்டும் அம்மாவோடது. பல்ல ஒடச்சியாமே? இங்கயும் ஒடைப்பியா?"

"காது சூடானா வெளிய போயிடுவேன்."

"இங்க எல்லாருக்கும் காது சூடாத்தான் இருக்கும். அந்த மூட்டைய இப்படி நகத்து. நிக்கறதுன்னா ஏதாவது பண்ணிக்கிட்டு நில்லு."

கரண்டு மூட்டையை நகர்த்தினாள். கூட வைத்துக்கொள்கிறேன் என்று அத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. மறுபடியும் போனோம். அதற்கப்புறமும் போனோம். கடைசியில், "எடம் சின்னது. ஒத்து வரலன்னா திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றார்.

விசாரணைக்கான அறிக்கையில் பலகை உடைந்ததை அக்கா மறைக்கவில்லை. அதற்கு முன்னால், அம்மாவிடம் கேட்கச் சொல்லித் தூண்டியது தன் தவறு என்றும் எழுதியிருந்தார். "இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா? உங்க வேலைக்கே உலை வைக்கும்" என்றார் சூப்பரின்டெண்ட் சார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அக்காவை நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எச்சரிக்கையும் கொடுத்தார். பிறகு, அத்தையிடம் இருக்கட்டும், கொஞ்ச காலம் பார்க்கலாம் என்றார்.

இப்போது கரண்டு அத்தையிடம்தான் இருக்கிறாள். இருவருக்கும் தினமும் சண்டை. ஒருமுறை கோபித்துக்கொண்டு எங்கள் இல்லத்துக்கே வந்துவிட்டாள். அத்தை வந்து திட்டிக் கூட்டிப் போனார். பள்ளிக்குப் பாதி நாள்தான் போகிறாள். அம்மா இதுவரை வந்து பார்க்கவில்லை. அதிகாரி இன்னும் முடிவான உத்தரவு போடவில்லை. அக்கா இன்னும் பந்தயம் கட்டுகிறார், கடைத்தெருவில், பஸ்ஸில், விளையாட்டுத் திடலில். பெற்றவர்களின் மேல் மட்டும் கட்டுவதில்லை.