கொப்புளம் இல்லாத நாளும் கணக்குத்தான்

எனக்கு ஹெர்பீஸ் இருக்கிறது; உறவில் தொற்றும் கொப்புள நோய். கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "இதுக்கெல்லாம் ஆளை விடுறதா?" என்று சிரித்தார். கொப்புளம் தெரிகிற நாட்களில் மட்டும் விலகிப் படுத்தால் போதும் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

போன விதைப்பு நேரம் வட்டை வயலுக்குள் இடுப்பில் நனைந்த சாரத்தோடு நாள் முழுக்க நின்றவருக்குத் தொடையிடுக்கில் புண் வந்தது. என்னிடமிருந்து தொற்றியதென்றே இருவரும் நினைத்தோம். அவரோ புண்ணுக்கு எண்ணெய் கேட்கப் போன இடத்தில் தன் அக்காவிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டார்.

அக்கா எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். "என்ட தம்பிய நாசமாக்கிப் போட்டாய். இனி அவன் இஞ்ச இருக்க மாட்டான்!"

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். "மச்சாள், இது என்ட வீடு. போறதெண்டா அவர் வாயால சொல்லட்டும்" என்றேன்.

அவர் வெளியே வந்தார். "அக்கா, கத்தாதகா. நான் இவவோட மருந்துக்குப் போறன்."

பரிசோதித்ததில் அது ஈரத்தில் வந்த தோல் படைதான். டாக்டர் அம்மா விடவில்லை: "தப்பினது அதிர்ஷ்டம். கொப்புளம் இல்லாத நாளிலயும் தொத்தும்."

இப்போது நான் தினமும் மாத்திரை எடுக்கிறேன். எப்போதும் ஆணுறை உண்டு. அந்த இடத்தில் லேசாகச் சுணைத்து அரித்தாலே தனிப்பாய்தான். அப்படியும் கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நாங்கள் எங்கள் அறைக்கதவை மூடிக்கொள்கிறோம்.