எங்களை ஒஸ்லோவில் இறக்கிவிட்டு ஓய்ந்த விமான நிறுவனம்

தம்பி கேதீஸ் மருத்துவப் பட்டம் வாங்கிய விழாவுக்காக 2003 ஜூனில் நானும் கணவர் ரவியும் ஒஸ்லோவிலிருந்து கிழக்கே பறந்தோம். அவன் படித்தது முன்னாள் சோவியத் நாடு ஒன்றின் தலைநகரில். அந்நாட்டு அரசின் விமானத்திலேயே போனோம். அந்த நிறுவனத்தில் பணிபுரிந்த பலர் இன்னும் வேலை தேடுவதால் நாட்டின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பயணம், போக வர ஆளுக்கு 1,850 குரோனர். சூடான சாப்பாடும் தந்தார்கள் (அந்த விலைக்கு நான் அதை எதிர்பார்க்கவில்லை). விழாவும் ஊர் சுற்றலுமாக நாட்கள் நன்றாகவே கழிந்தன.

திரும்பும் நாளில்தான் வந்தது சிக்கல். விமான நிலையத்தில் அந்த நிறுவனத்தின் கவுண்டர்கள் இருண்டு கிடந்தன. விற்கப் பார்த்து, வாங்க ஆள் கிடைக்காமல், அன்று காலை அரசு அதை மூடிவிட்டது. மற்ற நிறுவனங்களில் இரண்டு நாட்களுக்கு இடமில்லை.

என்னிடம் நோர்வே கடவுச்சீட்டு இருந்தது. ரவியிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அவருடைய விசா அன்றோடு முடிகிறது. நோர்வேக்கு வரும் வழியில் மொஸ்கோவில் பிடிபட்டு அடைபட்டுக் கிடந்தவர் அவர்.

"திரும்பவும் பிடிச்சு உள்ளுக்கை போட்டாங்களெண்டால்?" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒண்டும் நடக்காது அத்தான், நான் கதைக்கிறன்" என்று, வழியனுப்ப வந்திருந்த தம்பி ஓடினான். அவனுக்கு ரஷ்ய மொழி தெரியும். ஆனால் கதைக்கத்தான் அங்கே ஆளில்லை.

பிற்பகலில் சீருடையோடு ஒரு பெண் வந்தார். இரீனா என்ற விமானப் பணிப்பெண், ஐம்பது வயதிருக்கும். ஒஸ்லோவுக்கு வந்துபோய்ப் பழகிய நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில், "பயணிகளைத் திருப்பிக் கொண்டுபோய் விட ஒரேயொரு பறப்புக்கு அமைச்சகத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். வாருங்கள்" என்றார். ரவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விமானத்தில் வேலை முடிந்ததும் இரீனா எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தார். சோவியத் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவராம். நாடு பிரிந்தபோது ஓடுதளத்தில் நின்ற பழைய விமானங்களே புதிய நாட்டின் பங்காகின. வாலில் தங்கள் கொடியை வரைந்த அன்று விமானிகள் அழுதார்களாம். பிறகு வாடகைக்குப் புது விமானங்கள் வந்தன. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று வழித்தடங்கள் பெருகின. அமைச்சர் மாறும்போதெல்லாம் நிர்வாகமும் மாறியது. விமானங்கள் பாதி காலியாகவே பறந்தன. கடைசி மாதங்களில் சம்பளமும் இல்லை.

"பிறகு ஏன் இன்றைக்கு வேலைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"உங்களைக் கூட்டி வந்தது நாங்கள். கொண்டுபோய் விட வேண்டியதும் நாங்கள்தானே?"

ஒஸ்லோவில் தரையிறங்கியதும் விமானி, இது எங்கள் கடைசிப் பறப்பு, எங்களோடு வந்ததற்கு நன்றி என்றார். ஒருவரும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம். கதவடியில் ரவி இரீனாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, நொஸ்க் மறந்துபோய்த் தமிழிலேயே சொன்னார்:

"எங்கட வீட்டை வந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். இரீனா சிரித்தார், கண்ணைத் துடைத்தார். விமானம் உடனே திரும்ப வேண்டுமாம். ஸ்டோவ்னரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போக அவசரமின்றிக் கண்ணாடியருகே நின்றோம். பயணிகள் இல்லாத அந்த விமானம் மேகத்துக்குள் மறையும்வரை ரவி அசையவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: விசாவை இரண்டு நாளாவது கூட்டி எடுங்கள். பயணச்சீட்டுக்குக் கடனட்டையில் பணம் கட்டுங்கள். நிறுவனம் மூடினால் திரும்பக் கேட்கலாம். பேருந்து, கப்பல் வழிகளையும் முன்பே விசாரித்து வையுங்கள். அந்த நகருக்கு இப்போது நேரடி விமானம் இல்லை.

அந்த நிறுவனம் ஏன் விழுந்தது என்பதைப் பொருளாதாரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். விழுந்த அன்றும் அதன் ஆட்கள் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதை நான் எழுதி வைக்கிறேன்.